பதினோரு காலிப் பெட்டிகள்

காலையில் குப்பைத் தொட்டியோரம் வீசிவிட்டு வந்த பெட்டி, மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டு வாசலில், மிதியடியின் மேல், கைப்பிடி கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

துருஸ்பெக் நாலு மாடி ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பச்சை பிளாஸ்டிக். மூடியில் அவன் நகத்தால் சுரண்டியும் போகாத விலைச்சீட்டு. அவனுடைய பழைய டிரில்லிங் மெஷினின் பெட்டிதான், சந்தேகமே இல்லை. மெஷின் செத்து மூன்று வருஷம் ஆகிறது; பெட்டிக்குத்தான் சாவே வரமாட்டேன் என்கிறது.

நரின் என்ற அந்தக் குளிர் மலையூரில் யார் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுவதென்றாலும், யார் வீட்டுச் சுவரை இடித்து எடுப்பதென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மெஷின்கள் எல்லாம் காரின் பின்னால் ஒரே சாக்கில் கிடக்கும். வேலைக்குப் போகிறவன் எவனும் ஒவ்வொரு மெஷினையும் அதன் பெட்டியில் வைத்துப் பூட்டி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி சுமந்துகொண்டு போகமாட்டான். ஆக, மெஷின்கள் ஊர் சுற்றின, பெட்டிகள் வீட்டில் தங்கின. மொத்தம் பதினொன்று. வீடோ ஒற்றை அறை, ஒட்டினாற்போல் ஒரு பால்கனி. அந்தப் பால்கனியை அடைத்து, சுவருக்குப் பஞ்சு கொடுத்துக் கதகதப்பாக்கி, மகள் பெர்மெட்டுக்கு ஒரு கட்டில் போட்டுத் தருகிறேன் என்று இரண்டு குளிர்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மூன்று வயதுப் பிள்ளை. இப்போது படுப்பது வெளிச்சுவரோரம், ஈரம் கறுத்துப் பூத்த இடத்தில். ராத்திரி முழுக்க இருமல்.

பெட்டிகளை எதற்காவது உபயோகப்படுத்தலாம் என்று அவன் பார்க்காமல் இல்லை. ஆணி போட்டான், மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே மூலையில் குவிந்து கிடந்தது. தையல் சாமான் வைத்துக்கொள் என்று மனைவி புருலிடம் ஒன்றைக் கொடுத்தான். நூல்கண்டுகள் டிரில்லின் மூக்குக்கான பள்ளத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. உள்ளே இருக்கும் மேடுபள்ளத்தை அறுத்தெடுத்துவிடலாம் என்று கத்தி போட்டான். பள்ளம்தான் சுவர், சுவர்தான் பள்ளம், அறுத்தால் பெட்டியே இல்லை. எந்தப் பொருளுக்காகச் செய்தார்களோ அதைத் தவிர வேறெதற்கும் இடம் கொடுக்காத அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

அன்று காலை புருல்தான் ஆரம்பித்தாள்.

"ஊர்ல இருக்குற சுவரையெல்லாம் நிமித்துவீங்க. நம்ம பிள்ளை மட்டும் ஈரத்துலயே கிடக்கணும்."

"இன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன். போதுமா?"

"வெறும் பெட்டியாவா போடப் போறீங்க?" என்றாள் அவள். "எங்கம்மா வீட்ல காலிப் பாத்திரம் வாசல் தாண்டாதுங்க. ஒரு துண்டு ரொட்டியாவது உள்ள வச்சுப் போடுங்க."

"குப்பைக்கு சீர்வரிசை வைக்கச் சொல்றியா?"

பதினொன்றையும் நாலு நடையாகக் கீழே கொண்டுபோய், ஒன்றிலும் ஒன்றும் வைக்காமல் வீசிவிட்டு வந்தான். பால்கனி வெறிச்சென்று ஆயிற்று. அன்றைக்கே அளவெடுத்துவிட்டுப் பஞ்சு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். திரும்பி வந்தால் வாசலில் இது.

குனிந்து தூக்கினான். கனத்தது.

கொக்கிகளை விரலால் நெம்பித் திறந்தான். உறைந்த ஆட்டுக்கொழுப்பு, வெள்ளை வெளேரென்று, பள்ளம் நிறைய, கரண்டியால் வழித்துச் சமம் செய்த மாதிரி மட்டமாக இருந்தது. விளிம்பைத் தட்டியதும் முழுசாகக் கழன்று மிதியடியில் விழுந்தது. மூக்கு, கைப்பிடி, விசை, அடியில் பேட்டரியின் கட்டை என்று கொழுப்பில் செய்த ஒரு டிரில்லிங் மெஷின். பொரித்த எண்ணெயின் வாசனை லேசாக எழுந்தது, வியாழக்கிழமைகளில் செத்தவர்களுக்காக வீட்டுக்கு வீடு மாவு பொரிக்கும்போது படிக்கட்டில் நிற்குமே, அதே வாசனை. இன்றைக்கோ சனிக்கிழமை.

தரைத்தள வீட்டு சலாமத்தின் வேலைதான் என்று அவனுக்குத் தோன்றியது. போய்க் கதவைத் தட்டினான். சலாமத் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றான்.

"தம்பி, விளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமா?"

"நான் காலையில இருந்து வெளியவே வரலைண்ணே. என்ன விஷயம்?" விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "யாரோ பெட்டிய எடுத்திருக்காங்க, அப்புறம் வேணாம்னு திருப்பிக் குடுத்திருக்காங்க. திருப்பிக் குடுக்கும்போது வெறுமையா குடுக்க முடியுமா? மரியாதை தெரிஞ்ச ஆளுண்ணே."

புருல் சிரிக்கவில்லை. கேட்டதும் அடுப்பில் எண்ணெய் வைத்தாள். போர்சோக் பொரித்து, அந்தச் சின்ன மாவுத் துண்டுகளில் ஏழை எண்ணிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "நிறைஞ்சு வந்தது நிறைஞ்சு போகட்டும். இருந்த இடத்துலயே வச்சிட்டு வந்துடுங்க. வாயத் திறக்காம போயிட்டு வாங்க."

படியிறங்கும்போதே துருஸ்பெக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பைக்கு விருந்தாம். குப்பைத் தொட்டியருகே மற்ற பத்துப் பெட்டிகளையும் காணோம். தொட்டி மட்டும் காலையில் இருந்த மாதிரியே நிரம்பி வழிந்தது. எவனோ அள்ளிக்கொண்டு போய்விட்டான், நிம்மதி என்று நினைத்தான். ஏழு போர்சோக்கையும் நாய்களுக்குக் கொட்டினான். நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின. காலிப் பெட்டியைத் தொட்டிக்குப் பின்னால் விட்டெறிந்தான்.

அன்று ராத்திரி பெர்மெட் வழக்கத்தைவிட அதிகமாக இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் அவன் விழித்துக்கொண்டான், நாளைக்குப் பஞ்சு அடித்துவிடுவேன், நாளை மறுநாள் கட்டில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு காலை வாசலில் இரண்டு பெட்டிகள் இருந்தன. கட்டிங் மெஷினுடையது ஒன்று, ரம்பத்துடையது ஒன்று. இரண்டிலும் மண். கையை வைத்தவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஜனவரி மாதம் அது. நரினில் கடப்பாரை போட்டாலும் தீப்பொறிதான் பறக்கும், ஓர் ஆள் மட்டத்துக்குத் தரை கல்லாக உறைந்து கிடக்கும். இந்த மண் பொலபொலவென்று, ஈரமாக, கொஞ்சம் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. எவ்வளவு ஆழத்திலிருந்து எடுத்தால் மண் இப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. அதை அவன் முடிக்கவில்லை.

"அவங்க ரெண்டாவது தரம் குடுத்திருக்காங்க," என்றாள் புருல். முகம் வெளுத்திருந்தது. "நேத்து நான் வச்சதை வச்சீங்கதானே?"

"வச்சேன்."

"என்னங்க, நெஜமாத்தானே?"

"வச்சேன்னு சொல்றேன்ல. ஆளாளுக்கு என் உயிர எடுக்காதீங்க."

பொய் சொன்ன கோபம் வேறு சேர்ந்துகொண்டது. புருல் திரும்பவும் அடுப்புப் பக்கம் போகுமுன் இரண்டு பெட்டிகளையும் காரில் போட்டு, பாலம் தாண்டி, மலையடிவாரப் பள்ளத்தாக்குவரை ஓட்டிப் போனான். மண்ணைக் கொட்டினான். பெட்டிகளை வெறுமையாகவே, திறந்த வாயோடு, சுழற்றி எறிந்தான். இரண்டும் பனியில் சறுக்கிக்கொண்டு கீழே போயின. நின்ற சத்தம் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சறுக்கும் சத்தம், பிளாஸ்டிக் பனியை வழிக்கும் அந்தச் சத்தம், மெலிந்து மெலிந்து போயிற்றே தவிர நிற்கவில்லை. காரின் கதவைச் சாத்தியபிறகுதான் கேட்காமல் ஆனது.

திரும்புகிற வழியில் மரச்சட்டம் அறுத்து வாங்கவும், தெரிந்தவரிடம் பேச்சுக் கொடுக்கவும் நேரம் ஓடிவிட்டது. அவன் வீடு திரும்பும்போது ஐந்தரை. இருட்டிவிட்டது. வழக்கமான மின்வெட்டும் தொடங்கியிருந்தது. ஐந்து மாடிக் கட்டடம் முழுக்க ஒரு ஜன்னலில்கூட வெளிச்சமில்லை, புகைபோக்கிகளிலிருந்து நிலக்கரிப் புகை இறங்கி முற்றத்தில் தொண்டையைக் கமறும்படி தேங்கியிருந்தது. படிக்கட்டுக் கதவைத் தள்ளினான். உள்ளே அந்த எண்ணெய் வாசனை, நேற்றைவிடக் கனமாக, சுவரெல்லாம் தடவிவிட்ட மாதிரி.

போனின் விளக்கைப் போட்டான்.

முதல் படியில் பச்சைப் பெட்டி இருந்தது. சற்று மேலே கட்டிங் மெஷின் பெட்டி. அதற்கு மேலே ரம்பத்துடையது, பாதி மூடியில் பனி ஒட்டியிருந்தது. படிக்கு ஒன்றாக இல்லை. சில இடத்தில் இரண்டு படி தள்ளி, சில இடத்தில் பக்கத்தில் பக்கத்தில். ஒரு குழந்தை ஏறினால் காலை எங்கெங்கே வைக்குமோ, அப்படி.

சலாமத்தின் கதவைத் தட்டினான். யாரும் திறக்கவில்லை.

பச்சைப் பெட்டியைத் தூக்கினான். கனமே இல்லை. இந்தத் தடவை காலி. ஒரு நொடி ஆறுதலாகக்கூட இருந்தது. திருப்பித் தருவதை நிறுத்திவிட்டார்கள், சலித்துப்போய்விட்டது அவர்களுக்கும் என்று நினைத்தான். எதற்கும் பார்ப்போம் என்று கொக்கியை நெம்பினான்.

டிரில்லின் பள்ளம் இல்லை.

ஒரு கை. உள்ளங்கை, ஐந்து விரல். சின்னது. பிளாஸ்டிக்கில் அழுத்தமாக, வழவழவென்று, தொழிற்சாலையிலேயே செய்த மாதிரி. சுண்டுவிரலின் பள்ளம் உள்பக்கம் வளைந்திருந்தது. போன கோடையில் பெர்மெட்டின் விரல் கார் கதவில் நசுங்கியது. சரியாகச் சேரவில்லை. அவன்தான் கதவைச் சாத்தியவன்.

அடுத்த பெட்டி. பாதம்.

அடுத்தது. இன்னொரு பாதம்.

அடுத்ததைத் திறக்க அவனுக்குத் தைரியம் இல்லை. திறந்தான். காது, கழுத்தின் வளைவு, பின்னல் முடியின் கோடு கோடான தடம். அந்தப் பின்னலைக் காலையில் புருல் போட்டுவிட்டதை அவன் பார்த்திருந்தான்.

ஏறினான். எண்ணிக்கொண்டே ஏறினான், எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். ஐந்து. ஆறு. ஒன்றில் கால் இடறியது. ஒன்பது. நாலாம் மாடியில், மிதியடியின் மேல், பத்து.

பதினொன்றாவது இல்லை.

புருல் மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்தாள். முகம் காலையில் பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"பெர்மெட் எங்க?"

"மெதுவாப் பேசுங்க. இன்னைக்குத்தான் இருமல் நின்னிருக்கு. மத்தியானத்துல இருந்து ஒரு தரம்கூட இருமலைங்க."

"எங்கன்னு கேக்குறேன்."

"பால்கனியில. என் இடம் வந்தாச்சுன்னு சொல்லிக்கிட்டே போனா. நான் கண்ணயர்ந்த நேரத்துல நீங்க வந்து கட்டில் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்." அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. "போடலையா? ஏங்க, போடலையா?"

அவளைத் தள்ளிக்கொண்டு போனான். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. திறந்தான். வெளியே பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே உறைகுளிர், பால்கனிக்குள்ளோ அடுப்படிச் சூடு. காலியான தரையின் நடுவில், சுவர் உடைக்கும் மெஷினின் பெட்டி. கறுப்பு. பதினொன்றிலும் பெரியது. கொக்கிகள் போட்டிருந்தன, இரண்டும், வெளிப்பக்கத்திலிருந்து.

மண்டியிட்டான். விரல் நழுவியது. திரும்ப நெம்பினான். மூடியைத் தூக்கினான்.

பெர்மெட் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முழங்கால் மடங்கி, ஒரு கை கன்னத்துக்கு அடியில். மூச்சு வந்துகொண்டிருந்தது, சீராக, கரகரப்பு இல்லாமல். இரண்டு குளிர்காலமாக அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை.

"பெர்மெட். எந்திரிடா கண்ணு. அப்பாகிட்ட வா."

எழவில்லை. தூக்கப் போனான். தோளுக்கு அடியில் கை கொடுக்க இடமில்லை. முதுகோரம் இடமில்லை. அவள் உடம்பு எங்கே முடிகிறதோ அங்கேயே பிளாஸ்டிக் தொடங்கியது. ஒட்டிய டைல்ஸை உடையாமல் பெயர்த்தெடுக்கிறவன் அவன், ஊரில் அதற்காகவே கூப்பிடுவார்கள். நகத்தைக் கொடுத்தான். நகம் போகவில்லை. காதோரம். பாதத்தோரம். பின்னலோரம். ஸ்வெட்டரின் நூல்கூட வெளியே பிரிந்து நிற்கவில்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சம் பின்னாலிருந்து நெருங்கியது. அப்போதுதான் மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தான். அங்கேயும் பள்ளம். மேல்தோள், மேல்பக்கத்துக் கன்னம், மூக்கின் பாதி, மூடிய ஓர் இமை.

"தூங்குறாளா?" என்றாள் புருல், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "என்னங்க, தூங்குறாளா?"

மூடியைத் தாங்கியிருந்த இடது கை கனக்க ஆரம்பித்திருந்தது. தோளைக் கொடுத்து முட்டுக்கட்டையாக நின்றான். வலது கையால் மறுபடியும் முதலிலிருந்து, காதோரத்திலிருந்து, மகளைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தான். மூடி ஒரு விரற்கடை இறங்கியது.