சூடேறாத கை

அந்த அலுவலகம் ஒரு பழைய கட்டிடத்தின் கடைசி மாடியில் இருந்தது. லிப்ட் அதற்கு முந்தைய மாடியோடு நின்றுவிடும். மிச்சத்துக்குப் படியேற வேண்டும். படி முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளினால் முதலில் முகத்தில் அறைவது ஏசிக் குளிர். பிறகு காதில் விழுவது மழை பெய்வது போன்ற சத்தம். நீளமான கூடத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் கீபோர்டில் தட்டுகிற ஓசை அது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு, எழுத்தாக அடித்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை. யாரும் யாருடனும் பேசுவதில்லை. ஒவ்வொருவர் காதுக்குள்ளும் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய நோய் ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே 'புதுசு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாதங்கள் போயும் அவள் புதுசாகவே இருந்தாள். கொடுத்த இடம் சுவரோரம் கடைசி மேசை. பக்கத்து மேசையில் எல்லோரும் 'சீனியர் அக்கா' என்று கூப்பிடும் பெண்மணி.

சேர்ந்த நாளிலிருந்தே புதுசுக்குக் கை சில்லிட்டது.

முதலில் ஏசியைத்தான் திட்டினாள். ஆனால் கூடத்தில் வேறு யாருக்கும் அப்படியில்லை. அவளுக்கே முதுகில் வேர்க்கும், கை மட்டும் விறைக்கும். மத்தியானத்துக்குள் விரல் நுனி நீலம் பாரித்து, அடிக்கிற எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக வரும். விரல் நுனி வெட்டிய கம்பளி உறை வாங்கி மாட்டினாள். மடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டாள். ஒரு பதிவு கேட்டு முடிவதற்குள் பை குளிர்ந்து, மடியில் தவளை உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

"கையை உதறு. நடுவுல எழுந்து நட. தொடைக்கு அடியில வச்சு உட்காரு" என்றாள் சீனியர் அக்கா.

"அப்புறம் எதால அடிக்கிறது, மூக்காலயா?"

டாக்டரிடம் போனாள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. "உட்கார்ற இடத்தை மாத்திப் பாருங்க" என்றார் அவர். யாரோ லீவு போட்ட நாளில் வேறு மேசையில் உட்கார்ந்தாள். கை வெதுவெதுவென்று இருந்தது. மறுநாள் தன் மேசைக்குத் திரும்பினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு கீபோர்டில் கை வைத்ததுதான் தாமதம், மணிக்கட்டு வரை மரத்துப் போயிற்று.

ஒரு பிற்பகல். பதிவில் பேசிக்கொண்டிருந்த டாக்டர் நடுவே இருமிவிட்டு நிறுத்தினார். அவளும் விரல்களைத் தூக்கி, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள்.

குளிர் வெளியிலிருந்து வரவில்லை. அவளுடைய விரல் இடுக்குகளில், கீழிருந்து ஒவ்வொன்றாக, ஏதோ நுழைந்தது. கூட்டத்தில் தொலைந்துவிடாமலிருக்கக் குழந்தை கோத்துக்கொள்வது போல.

பிறகு இறுக்கியது.

அவளுடைய கட்டைவிரல் தானாக மடங்கி உள்ளங்கைக்குள் புகுந்துகொண்டது. பிரித்தாள். மறுபடி மடங்கியது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எனக்கு முன்னாடி இங்க யார் இருந்தாங்க?"

சீனியர் அக்கா தட்டுவதை நிறுத்தினாள். "யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல."

"ஒரு பையன். தம்பின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அவனுக்கும் கை ஐஸ் மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்த இடத்துலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சரிஞ்சான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. பிறக்கும்போதே இதயத்துல கோளாறாம். ஊர்ல இருக்கிற நோயையெல்லாம் காதுல கேட்டு அடிச்ச பையன், தன்னோடதை மட்டும் கேட்காமப் போயிட்டான்."

அடுத்த வாரமே அந்தப் பையனின் அம்மா வந்தாள்.

அவன் விட்டுப்போன சாமான்களை வாங்கிப் போக வந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, நல்ல உயரம், வீங்கிய விரல் மூட்டுகள். சூப்பர்வைசர் ஒரு பையில் அவனுடைய மேல்சட்டையையும் ஒரு ஜோடி கையுறையையும் போட்டுக் கொடுத்தார். "அவன் உட்கார்ந்த இடத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்று அவள் கேட்டதால் கடைசி மேசைக்கு அழைத்து வந்தார். புதுசு எழுந்து நின்றாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

அம்மாவின் முகம் மாறியது.

குனிந்து பார்த்தாள். புதுசின் கட்டைவிரல் தன் உள்ளங்கைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

"இது என் பிள்ளையோட கை" என்றாள். "அவன்தான் கட்டைவிரலை இப்படி மடக்கி வச்சுக்குவான்."

சூப்பர்வைசர் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார். அம்மா கையை விடவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, நிதானமாக, வருஷக்கணக்கில் பழகிய கைப்பாங்கோடு தேய்க்க ஆரம்பித்தாள். மெல்ல மெல்ல புதுசின் விரல்களில் ரத்தம் ஓடியது. கட்டைவிரல் தளர்ந்தது. அந்த மேசையருகே முதல் முறையாக அவள் கை அவள் கையாக இருந்தது.

"நாளைக்கும் வரட்டுமாம்மா?" என்று அம்மா கேட்டாள். "சாப்பாட்டு நேரத்துல. யாருக்கும் தொந்தரவு இல்லாம."

அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது.

மத்தியானத்தில் படிக்கட்டின் திருப்பத்தில் இருவரும் உட்காருவார்கள். அம்மா தேய்த்துக்கொண்டே பேசுவாள். அவன் சின்ன வயதில் சமைக்கும்போது பின்னால் வந்து அவளுடைய பிடரியில் சில்லென்று கையை வைப்பானாம். அவள் அலறியடித்துத் துள்ளினால் சிரித்துச் சிரித்துப் புரையேறுமாம்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள்.

"நான் போனப்போ அவன் கை சில்லுன்னு இருந்துச்சு. போயிட்டான்னு டாக்டர் சொன்னாரு. நான் நம்பல. மத்தவங்களுக்குன்னா கை குளிர்ந்தா உயிர் போச்சுன்னு தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? அவன் கை எப்பவும் அப்படித்தானே? உயிர் இருக்கு, கொஞ்சம் பொறுங்க, இதோ சூடாயிடும்னு தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். என் கையைப் பிரிச்சு எடுக்கறதுக்குள்ள நர்சுகளுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு." அவள் புதுசின் விரல்களை நீவினாள். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம் அவங்க."

அந்தப் பகல்களுக்குப் பிறகுதான் குளிர் புதுசோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தது.

முன்பெல்லாம் படியிறங்கியதும் போய்விடும். இப்போது பஸ் வரை வந்தது. பிறகு வாசல் வரை. மணிக்கட்டில் நின்றிருந்தது முழங்கைக்கு ஏறியது.

அவள் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டில் இருந்தாள். அக்காவுக்குக் குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலைவிட்டு வந்ததும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். அன்றும் தூக்கினாள். குழந்தை அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சத்தமே இல்லாமல் விறைத்தது. உதடு நீலமாயிற்று.

அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். கம்பளியில் சுற்றி நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள். சிறிது நேரம் கழித்துத்தான் குழந்தை வீறிட்டது.

"என்னடி கை இது? பொணம் மாதிரி இருக்கு!"

சொன்ன பிறகு அக்காவே வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கையை வளர்த்தவள் அவள்தான். அப்படி ஒரு வார்த்தை அதுவரை சொன்னதில்லை.  பிறகு அக்கா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "இது சரியாகற வரைக்கும் பாப்பாவைத் தூக்காதே. கோவிச்சுக்காதே."

குழந்தை கையை நீட்டினால் புதுசு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கதவுக்குப் பின்னால், இருட்டில், தன் இரு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நிற்பாள். அப்போதும் விரல் இடுக்கில் அந்தப் பிடி இருக்கும்.

மறுநாள் படிக்கட்டில் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். "நீங்க சூடு பண்ணப் பண்ண உங்க பிள்ளை என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கறாரும்மா. என்னால முடியல. நான் வேலையை விட்டுடப் போறேன்."

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு, "ஒரே ஒரு தடவை நான் அந்த நாற்காலியில உட்கார்றேன்" என்றாள். "என்கிட்ட வரட்டும். என் பிள்ளைதானே. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

விடுமுறை நாள் ஒன்றில் சீனியர் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். கூடத்தில் ஆங்காங்கே சிலர்தான். மழை விட்டுவிட்டுப் பெய்வது போல ஓசை. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

அம்மா கடைசி மேசையில் உட்கார்ந்தாள். கீபோர்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.

"தங்கம், அம்மா வந்திருக்கேன்."

காத்திருந்தாள்.

ஏசி முனகியது. தூரத்தில் யாரோ தும்மினார்கள். அம்மாவின் கைகள் அப்படியே இருந்தன.

"சூடாவே இருக்கு" என்றாள், ஏதோ குற்றம் செய்தவளைப் போல. "வரமாட்டேங்கிறான்." தன் விரல் மூட்டுகளைப் பார்த்தாள். "எனக்கு மூட்டு வீங்க ஆரம்பிச்சதிலேருந்தே அவன் என்னைத் தொடறதை விட்டுட்டான். என் குளிர்ந்த கை பட்டா உன் மூட்டு வலிக்கும்மான்னு சொல்லிச் சொல்லி ஒதுங்கிப் போவான். நான்தான் இழுத்துப் பிடிச்சுத் தேய்ப்பேன்."

அவள் எழுந்து புதுசைப் பார்த்தாள். கேட்கத் தயங்கினாள். புதுசு தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அது காத்துக்கொண்டிருந்தது போலும்.

முழங்கை. தோள். பிறகு கழுத்து.

அவள் விட்ட மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

அம்மா முழந்தாளிட்டு அந்தக் கைகளைப் பற்றினாள். தேய்க்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள்.

"தங்கம். அம்மா சொன்னா கேட்பியா?"

புதுசின் கட்டைவிரல்கள் சுருண்டு உள்ளே போயின.

"அன்னைக்கு உயிர் இருக்குன்னு நான் கத்தினேன் பாரு. அதை நீ கேட்டிருக்கே. நான் சொன்னா நீ தட்ட மாட்டே. அதான் இருந்துட்டே." அம்மாவின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "அது பொய்யிடா. உன் கை எப்பவும் சில்லுன்னுதான் இருக்கும். ஆனா நான் பிடிச்சா நீ திருப்பிப் பிடிப்பே. அன்னைக்கு நீ பிடிக்கல. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்றதுக்குத்தான் வாய் வரல."

பிடி இறுகியது. புதுசுக்கு எலும்பு நொறுங்குவது போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேசையில் கழற்றி வைத்திருந்த ஹெட்போனிலிருந்து சன்னமாக ஒரு சத்தம். பதிவு எதுவும் ஓடவில்லை.

யாரோ மூச்சை உள்ளிழுத்து, அழாமலிருக்கப் பார்க்கிற சத்தம்.

"நீ செத்துப்போயிட்டே, தங்கம்" என்றாள் அம்மா. "இனிமே சூடாகாதுப்பா. இந்தப் பொண்ணை விடு. நானும் விட்டுடறேன்."

அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தானே பிரித்தாள். கடைசி விரலுக்குத்தான் வெகுநேரம் ஆயிற்று.

குளிர் வந்த வழியே இறங்கியது. கழுத்து, தோள், முழங்கை. நகக்கண்ணில் ஊசி குத்துவது போல ஒரு சுரீர். அவ்வளவுதான். அம்மா ஒற்றை விரலால் புதுசின் புறங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது உன் கைதாம்மா" என்றாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து, கூடம் முழுக்கத் தட்டும் ஓசை நின்றுபோக, வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை அது.

அன்று மாலை அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தங்கையின் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். அது அவள் தோளில் எச்சில் ஒழுக அப்படியே தூங்கிப்போயிற்று.

புதுசு வேலையை விடவில்லை. கடைசி மேசையில் உறை போடாமலே அடித்தாள். அம்மா அதற்குப் பிறகு அலுவலகம் பக்கம் வரவில்லை. போன் செய்தால், "போயிட்டான்மா. சொன்ன பேச்சைக் கேட்டுட்டான்" என்பாள். அதற்கு மேல் பேச்சு ஓடாது. எப்போதும் அம்மாதான் முதலில் வைத்துவிடுவாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் அம்மா போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. புதுசு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டைத் தேடிப் போனாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஈரத்துணி வாடையும் தைல வாடையும் கலந்து அடித்தன. ஜன்னல் திரை இழுத்து விட்டிருந்தது. கட்டிலில் அம்மா கண்மூடிக் கிடந்தாள். கன்னம் சிவந்திருந்தது. புதுசு அவள் கையைத் தொட்டுப் பதறி எடுத்தாள். காய்ச்சல் கொதித்தது.

ஆனால் அம்மா நிம்மதியாகத் தூங்குவது போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான் வந்திருக்கேன். டாக்டரைக் கூப்பிடவா?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "நீதானா இது?" என்று முணுமுணுத்தாள். "ராத்திரியிலேருந்து நெத்தியில கை வச்சுக்கிட்டே இருக்கியே, உனக்கு வலிக்கலையா? ஜில்லுன்னு எவ்வளவு சுகமா இருக்கு."

"நான் இப்பதான்மா வந்தேன்."

அம்மா அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

புதுசு குனிந்து, அவள் நெற்றியைத் தொடக் கையைக் கொண்டுபோனாள்.

கை நெற்றியில் படவில்லை. அதற்கு ஒரு விரற்கடை மேலேயே, சில்லென்ற ஒரு புறங்கையின் மீது போய் நின்றது.