கதவு நாளின் வானிலை

வானிலை பேச இலண்டன்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கதவு நாளன்று அந்த ஊர் பேசுகிற வானிலை இருக்கிறதே, அது தனி ரகம். பேருந்தில் ஏறினால் தூறல், இறங்கினால் காற்று, தேநீர்க் கடை வாசலில் மேகமூட்டம். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது அன்றைக்குப் பார்த்து வந்து இறங்கினால், இந்த ஊரில் எல்லோருமே வானிலை ஆய்வு நிலையத்தில்தான் வேலை பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொள்வார்.

ஆரணி அந்த நாளில் வழக்கமாகச் செய்வதையே அன்றும் செய்தாள். விடிந்ததும் கண்ணிலிருக்கும் காட்சிவில்லைக்குச் சொட்டு மருந்து விட்டாள். செவிமணியைப் பஞ்சால் துடைத்தாள். ஹேய்ஸ் கடைவீதியில் அவளுடைய சிறிய சிற்றுண்டிக் கடை. அதைத் திறந்து, காலை வியாபாரத்துக்கு ரோல்ஸ் பொரித்து, அதில் நாலை மட்டும் தனியே தாளில் சுற்றி வைத்தாள். இரண்டு அவளுக்கு, இரண்டு அருளப்பனுக்கு. மதியம் கடையைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரைக்கு ரயிலேறினாள். ஐம்பத்துமூன்று வயதுக்குள் அவள் இவ்வளவு படபடப்போடு எங்கேயும் போனதில்லை.

அருளப்பன் தூத்துக்குடிக்காரர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எழுபதைத் தாண்டியவர். பதினொரு வருடமாகக் கதவு நாளன்று மதகுச் சதுக்கத்தில், சிலைக்கு எதிரே இருக்கும் மூன்றாவது பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர் ரோல்ஸைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "காத்து தெக்க திரும்பிட்டும்மா, சாயங்காலம் தூறும்" என்பார். அவள் தன் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டுவாள். அவர் ஒரு மணிநேரம் வெயிலையும் மழையையும் பேசுவார். பிறகு எழுந்து போய்விடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரொம்பவும் நல்ல சிநேகம்தான்.

அந்தச் சிநேகத்துக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஹால்ஸ்டெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் அவர்தான் பிரதமர். கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறிய அந்த நாளில், பெருமதகின் கதவு மாலை நாலு மணி வரைக்கும் திறந்திருக்கும், கீழ்க்கரையில் இருப்பவர்கள் அதற்குள் படகேறி வந்துவிடலாம் என்று அவர் நாட்டுக்கு வாக்குக் கொடுத்தார். மூன்று நாற்பதுக்கு மூடச் சொன்னார். கதவுக்கு மேற்கே இருபது லட்சம் பேர் பிழைத்தார்கள். கிழக்கே ஏழாயிரம் பேர் போனார்கள். நாலு மணிவரை காத்திருந்தால் ஊர் தாங்கியிருக்குமா என்று ஏழு விசாரணைக் குழுக்கள் ஆராய்ந்து ஏழு விடை கொடுத்தன. ஹால்ஸ்டெட் சாகும்வரை வாயைத் திறக்கவில்லை.

அவர் செத்த பிறகுதான் சண்டை வலுத்தது. சிலை வைக்க வேண்டும் என்றவர்களும் கல்லறையைத் தோண்டி எறிய வேண்டும் என்றவர்களும் தெருவில் மோதிக்கொண்டார்கள். ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பத்துப் பதினைந்து வருடம் இப்படியே போய், ஊர் களைத்துப்போன நேரத்தில் சமாதானச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும்: காக்கப்பட்டவர் அல்லது இழந்தவர். அதற்குப் பிறகு காட்சிவில்லையும் செவிமணியும் பார்த்துக்கொள்ளும். எதிர்ப் பக்கத்தவர் அந்த நாளைப் பற்றி எதைச் சொன்னாலும், எழுதினாலும், அது உங்களிடம் வானிலையாக வந்து சேரும். அவருடைய குரல், அவருடைய பேச்சுவழக்கு, உதட்டசைவு எல்லாம் அச்சாகப் பொருந்தும். அவர் முகம் சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கும். இதற்கு மாற்றுப்பேச்சு என்று பெயர். அன்றோடு தெருச்சண்டை நின்றது, அதை மறுக்க முடியாது.

ஆரணி இழந்தவர். அவளுடைய அக்கா துளசிகா கீழ்க்கரை வெள்ளத்தில் போனாள். ஆனால் கதவு மூடிய நேரத்தில் பதின்மூன்று வயது ஆரணி மேற்கே பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தாள். ஹால்ஸ்டெட் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம். அவள் முதலில் இரண்டு கட்டங்களிலும் குறி போட்டாள். படிவம் திரும்பி வந்துவிட்டது.

அவளை அரித்துக்கொண்டிருந்தது ஹால்ஸ்டெட் அல்ல. அன்று காலை ஆரணியின் மஞ்சள் மழைக்கோட்டை அக்கா எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்காக ஆரணி கத்தி, கதவை அறைந்து சாத்திவிட்டு, வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் முன்னதாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. படகு வந்தபோது அக்கா ஏறாமல் தன்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாளோ? நாற்பது வருடமாக இந்த ஒரு கேள்விதான். சொல்லக்கூடியவர்கள் யாராவது தப்பி வந்திருந்தால், வந்த காரணத்தாலேயே அவர்கள் காக்கப்பட்டவர்கள். அவர்கள் வாயிலிருந்து அவளுக்கு வெயிலும் மழையும்தான் வரும்.

அருளப்பனையும் அவள் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தாள். வானிலை பேசுகிறார் என்றால் எதிர்ப் பக்கம். எதிர்ப் பக்கம் என்றால் ஹால்ஸ்டெட் புகழ் பாடுகிறார். பாடட்டும், நம் காதில் விழவா போகிறது? ஆனாலும் ஏன் வருடா வருடம் அதே பெஞ்சுக்குப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தமிழில் வானிலை கேட்பதற்கு இருக்கலாம்.

போன வருடம் அது மாறியது. "இந்த வருசம் வெயிலு நல்லா அடிக்கும்மா" என்று அவர் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரோல்ஸைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். வில்லையும் மணியும் கண்ணையும் காதையும் ஆளும். தோலுக்கு அவை என்ன செய்ய முடியும்?

புகழ் பாடுகிறவன் அழுவானா? ஒரு வருடம் முழுக்க அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை.

சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. ஆயுளில் ஒரே ஒரு தடவை, இருபது நிமிடம், மாற்றுப்பேச்சு இல்லாமல் கேட்கலாம், பார்க்கலாம். திறப்பு என்பார்கள். ஹால்ஸ்டெட் விழுங்கிய அதே இருபது நிமிடத்தைச் சட்டம் எழுதியவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியவில்லை. நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்தாக வேண்டும், பிறகு மாற்ற முடியாது. அலுவலகத்தில் இருந்த பெண், "பெரும்பாலானவர்கள் சண்டை போடத்தான் வாங்குகிறார்கள். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திறப்பது உங்கள் கண்ணும் காதும் மட்டும்தான். நீங்கள் சொல்வது எதிராளிக்கு வானிலையாகத்தான் போகும்" என்று எச்சரித்தாள். ஆரணி கதவு நாள், பிற்பகல் மூன்று நாற்பது என்று எழுதிக் கொடுத்தாள்.

சதுக்கத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. பெஞ்ச் காலியாக இருந்தது.

எதிரே சிலை. இழந்தவர்கள் கண்ணுக்கு ஹால்ஸ்டெட் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கையில் கடிகாரத்தோடு நிற்பார். காக்கப்பட்டவர்களுக்கு அவர் ஆற்றைப் பார்த்துக் கையை நீட்டி வெள்ளத்தைத் தடுப்பதுபோலத் தெரிவாராம். அந்த முகத்தைப் பார்த்து ஆரணி இருபது வருடமாகப் பல்லைக் கடித்திருக்கிறாள்.

மூன்று நாற்பதுக்குச் செவிமணி மெல்ல ஒலித்தது. சிலை மறைந்தது. அங்கே ஒரு சிமெண்டுப் பீடமும், மேலே துருப்பிடித்த நாலு ஆணியும், இரண்டு புறாக்களும் இருந்தன. எந்தச் சிலையை வைப்பது என்று கடைசிவரை அவர்களால் முடிவு செய்ய முடியவில்லை போலும். அவள் சிரித்துவிட்டாள், சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கியது. சுற்றிலும் முகங்கள் மாறியிருந்தன. புன்னகைத்துக்கொண்டு நின்ற மனிதர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். "நான் மட்டும் ஏன் இந்தப் பக்கம் வந்தேன்" என்று ஒரு கிழவர் ஆற்றைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். புகழ்ந்து பேசிய குரலும் இருந்தது. அவள் நினைத்த அளவுக்கு இல்லை.

அருளப்பனைக் காணவில்லை. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். ஒன்பதாவது நிமிடம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். போன வருடத்தைவிட இளைத்திருந்தார். வில்லை இத்தனை காலமும் காட்டாத முகம் அது.

"மழை வரும் போல இருக்கும்மா" என்றார்.

அவளுக்கு ஒரு கணம் திறப்பு வேலை செய்யவில்லையோ என்று திக்கென்றது. பீடத்தைப் பார்த்தாள். வெறும் பீடம்தான். மேற்கே பார்த்தாள். நிஜமாகவே கறுத்துக்கொண்டு வந்தது. மனிதர் உண்மையிலேயே மழையைப் பற்றிப் பேசுகிறார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இந்த வருடம் விட்டுவிட்டார்.

"ஐயா, எனக்கு இப்ப கேக்குது. போன வருசம் என்ன சொன்னனீங்கள்? கதவு மூடின அண்டைக்கு என்ன நடந்தது? சொல்லுங்கோ ஐயா!"

"ஆமாம்மா. குடை கொண்டாந்திருக்கலாம்" என்றார் அவர்.

"ஐயோ, குடை இல்லை! என்ர அக்கா..."

"இல்லன்னா விடுங்க. நனைஞ்சா கரைஞ்சா போயிருவோம்."

பதின்மூன்று நிமிடம் ஓடிவிட்டது. அவள் கெஞ்சினாள், கத்தினாள். அத்தனையும் அவர் காதில் காற்றும் மேகமுமாகப் போய் விழுந்துகொண்டிருந்தது. அவள் முகம்கூட அவருக்குச் சிரித்த முகமாகத்தான் தெரியும். அப்போதுதான் புறங்கையில் விழுந்த அந்தச் சொட்டு ஞாபகம் வந்தது. ஆரணி அவருடைய கையை எடுத்தாள். கன்னத்தில் வழிந்துகொண்டிருந்த கண்ணீரின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அருளப்பன் கையை இழுக்கவில்லை. ஈரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ரொம்பவும் மெதுவாகக் கேட்டார்.

"திறந்துட்டீங்களாம்மா?"

அவள் அவர் கையை இறுக்கினாள்.

"அப்ப நேரம் இருக்காது, சட்டுனு சொல்லுதேன். எட்டு வருசத்துக்கு முன்னால நான் என் திறப்ப இங்கனதான் செலவழிச்சேன். நீங்க என்னத்தத் திட்டுதீங்கன்னு கேட்டு, நல்லா நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கணும்னுதான். வந்து உக்காந்தா, நீங்க மஞ்சக் கோட்டப் பத்திச் சொல்லுதீங்க. அக்காவுக்குக் கை முழங்கையோட நின்னுரும்னு சொல்லுதீங்க. நான் அந்தப் பிள்ளையப் பாத்திருக்கேன்மா."

ஆரணி அவர் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நான் ஏறுன படகுல முதல்ல அதுதான் உக்காந்திருந்துச்சு. உங்க பேச்சு மாதிரியேதான் பேசிச்சு. எல்லார்கிட்டயும் தங்கச்சிக் கதைதான். 'நல்ல காலம், விடிய என்னோட சண்டை பிடிச்சுக்கொண்டு வெள்ளன வெளிக்கிட்டிட்டாள். பள்ளிக்கூடத்தில இருந்து போன் பண்ணிச் சொல்லிட்டினம். சண்டை பிடிக்காட்டி அவளும் இஞ்சதான் நிண்டிருப்பாள்'னு சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவ்வளவு சந்தோசம்."

நாற்பது வருடம் அவள் நெஞ்சில் கிடந்த ஒன்று அந்த இடத்திலேயே இறங்கியது. தேடிப் போகவில்லை. கோபமும் இல்லை. அக்கா சந்தோசமாக இருந்தாள்.

"படகுல ஒரு ஆள் அதிகம், இறங்குங்கன்னான் படகுக்காரன். கடைசியா ஏறுனது நான், நான்தான் இறங்கணும். கால் முறிஞ்சு கிடந்தேன். அந்தப் பிள்ள எந்திரிச்சுருச்சு. தியாகம்லாம் நினைச்சு எந்திரிக்கலம்மா. மணி மூணே கால்தான். 'பிரதமர் நாலு மணி எண்டு சொன்னவர்தானே, அடுத்ததில வாறன்'னு படியில உக்காந்து கையக் காட்டிச்சு. நாங்க தாண்டுனதும் கதவு இறங்க ஆரம்பிச்சுட்டு. அன்னைக்கு மூடலன்னா நானும் இல்ல, பள்ளிக்கூடத்துல நீங்களும் இல்ல. அந்த ஆளக் கும்பிடவா, காறித் துப்பவான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

மழையின் முதல் துளிகள் பீடத்தின்மேல் விழுந்தன. புறாக்கள் பறந்தன.

"படகு நகந்தப்ப அந்தப் பிள்ள எங்கிட்ட ஒண்ணு சொல்லிச்சு. பள்ளிக்கூடம் பேரச் சொல்லி, தங்கச்சியப் பாத்தா கண்டிப்பாச் சொல்லிருங்கன்னுச்சு. நான் எங்க போய்த் தேட? இத்தன வருசமா நெஞ்சுலயே வச்சிருக்கேன். அது என்ன சொல்லிச்சுன்னா..."

செவிமணி ஒலித்தது.

"...மேக்க நல்லாக் கறுத்துட்டும்மா. இது நின்னு பெய்யுத மழைதான்."

பீடத்தின்மேல் ஹால்ஸ்டெட் கடிகாரத்தோடு வந்து நின்றார். அருளப்பனின் முகம் பழையபடி சாந்தமாகச் சிரித்தது. நேரம் முடிந்தது அவருக்குத் தெரியாது. அவர் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். அக்கா படியில் உட்கார்ந்து தன் தங்கைக்கு என்ன சொல்லி அனுப்பினாளோ, அதுவெல்லாம் தூறலாகவும் சாரலாகவும் நாளைக்கு வெறிக்கப்போகும் வானமாகவும் ஆரணியின் காதுக்கு வந்துகொண்டிருந்தது.

எழுந்து மரத்தடிக்குப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரோல்ஸ் பொட்டலத்தை மழையிலிருந்து மறைத்துக்கொண்டாள். கண்களை மூடிக்கொண்டாள். அவர் கை நடுங்கும் இடமெல்லாம் அக்காவின் வார்த்தை என்று வைத்துக்கொண்டாள். பேச்சு நின்றதும் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இன்னொருக்காச் சொல்லுங்கோ ஐயா."

அவர் காதில் அது என்னவாக விழுந்ததோ. கையில் அவளுடைய பிடி தளரவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து மழையைச் சொல்லத் தொடங்கினார்.