மறைவுக்கு நேரே

யாழினியின் படத்தில் பொட்டு இருந்தது.

மகளின் பிறந்தநாள் பேனருக்காகக் கோகிலன் மத்தியானம் எடுத்து வைத்த படம். அப்போது அவள் நெற்றியில் ஒன்றுமில்லை. இப்போது சந்தனமும் குங்குமமும். அதுவும் பிள்ளையின் நெற்றியில் வைத்ததுபோல் இல்லை. சட்டம் போட்ட படத்தின் கண்ணாடிமேல் அப்பியதுபோல் ஈரமாக, ஓரம் வழிந்து.

புந்தோங்கில் வீட்டிலிருந்தபடியே நினைவஞ்சலி விளம்பரம் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. கோலா கங்சார் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்து செத்தவர்களின் படங்களெல்லாம் சுருக்கி அடைத்த ஒரே ஸிப் கோப்பில் கிடந்தன. பிரித்துப் போடக் கணினியில் இடமில்லை. நண்பன் பவித்ரன் சொல்லிக் கொடுத்தபடி, அந்தக் கோப்பையே தனி டிரைவாக ஏற்றினான். 'படிக்க மட்டும்' என்ற குறியையும் எடுத்துவிட்டான். திருத்துவதெல்லாம் நேராகக் கோப்புக்குள்ளேயே பதிந்துகொள்ளும், வேலை மிச்சம். மகள் படத்தையும் அதிலேயே தூக்கிப் போட்டான். உயிரோடிருப்பவர் படத்தைச் செத்தவர் படத்தோடு சுவரில் மாட்டச் சொன்னால் கையை உதறியிருப்பான். கணினிக்குள் சுவர் ஏது என்று இருந்துவிட்டான், மடையன்.

தகரக் கூரையில் மழை இரைந்தது. அதற்குள்ளும் அடுத்த அறையிலிருந்து யாழினியின் இருமல் கேட்டது. சாயங்காலம் திடீரென்று காய்ச்சல் கண்டிருந்தது. மனைவி பிரமிளா ஈரத்துணியோடு பக்கத்திலேயே இருந்தாள். அவன் பொட்டை அழித்துச் சேமித்தான். மறுபடி திறந்தால் பொட்டோடு மாலையும் இருந்தது. படத்தை நீக்கப் பார்த்தான், டிரைவைக் கழற்றப் பார்த்தான். பயன்பாட்டில் உள்ளது என்றே பதில் வந்தது. பூவே வாங்காத வீட்டில் சம்பங்கி வாசனை அடித்தது.

பவித்ரனுக்குப் போன் போட்டான்.

“ஏதோ ஒண்ணு இன்னும் அதுக்குள்ள எழுதிக்கிட்டு இருக்கு மச்சான். பட்டுனு ஆஃப் பண்ணிடாதலா. கடைசியா எழுதுனது அப்படியே நின்னுடும்.”

லைன் அறுந்தது. திரையில் அவன் திறக்காத விளம்பரம் ஒன்று விரிந்தது. மாலையோடு யாழினி. தோற்றம், அவள் பிறந்த தேதி. மறைவு. அதற்கு நேரே ஓர் எண் விழுந்தது. இன்றைய தேதியின் முதல் எண்.

அழித்தான். விழுந்தது. அழித்தான். இரண்டாய் விழுந்தது. அழிக்கும் பொத்தானை அமுக்கியபடியே பிடித்துக்கொண்டான். கட்டம் காலியாக நின்றது.

“அப்பா… வாப்பா.”

போக வேண்டும். பிள்ளை கூப்பிடுகிறாள். விரலைக் கொஞ்சம் தூக்கினான். எண் விழுந்தது. அவள் குரல் பாதியில் நின்றது.

அமுக்கினான். இருமல் வந்தது. தெய்வமே, இருமட்டும்.

“என்னங்க,” பிரமிளா அங்கிருந்தே கத்தினாள். “புள்ள நெத்தியில பொட்டு யாரு வச்சா? தொடைக்கத் தொடைக்க வருது.”

“தொடச்சுக்கிட்டே இரு. கைய எடுத்துடாத.”

விரல் மரத்தது. எடுக்கவில்லை.

அப்போது கீழே, அவன் தொடாத இன்னொரு கட்டத்தில், எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மீளாத் துயரில் வாடும் அப்பா கோகிலன். அம்மா பிரமிளா.

அடுத்த அறையில் துணி தேய்க்கும் சத்தம் இன்னும் கேட்டது.