பிணமாக நடிக்க வந்தவர்

பெட்டிக்கு யாரும் கரண்ட் கொடுக்கவில்லை. ஒயர் சுருட்டி வைத்தபடியே தரையில் கிடந்தது. அப்படியிருந்தும் அந்த ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மூடியில் உள்பக்கமாகப் பனி படிந்திருப்பதை மலர்விழி பார்த்தாள். உள்ளே இருப்பவர் மூச்சு விடுகிறாரே, அதுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உள்ளே படுத்திருந்தவர் மதியழகன். கடத்தூர்ப் பக்கம் தெருக்கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிறவர். மலர்விழியின் நாத்தனார் மகன் சரத் எடுக்கும் குறும்படத்தில் இன்றைக்கு அவர் பிணம், அவள் விதவை. யாரும் பார்க்காத நேரத்தில் விதவை பிணத்தை ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஒப்பாரி வைக்க வேண்டும். சிரிப்புப் படம். படுப்பதற்கு முன் மதியழகன் நாலு போண்டாவை உள்ளே தள்ளிவிட்டு, "அக்கா, பொணத்த அடிக்கிறதா நெனச்சு அடிங்க. புருசன அடிக்கிறதா நெனச்சுராதீங்க, நான் தாங்கமாட்டேன்" என்றார். ஜன்னலில் நின்ற கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

அவள் இதற்கு ஒத்துக்கொண்டது நடிப்பு ஆசையில் இல்லை. போன ஆடியில் தொப்பூர்க் கணவாயில் லாரியோடு எரிந்துபோன அவள் புருஷன் முத்துராஜைத் துணியில் இறுகச் சுற்றித்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை அடித்த அந்தக் கை அடங்கிப்போனதை அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. அதனால் இன்றைக்கும் பொழுது சாய்ந்தால் கதவுக்குக் கட்டிலை அணைகொடுத்துத்தான் படுக்கிறாள். காரிமங்கலம் ரோட்டில் ஏதாவது லாரி கியர் மாற்றினாலே எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்க்கிறாள். அவன் சட்டையில், அவன் வீட்டில், ஓர் ஆள் செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டால் இந்தப் பயம் விட்டுப்போகும் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினாள். சட்டையை அவளே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கேமரா ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அறைக்குள் அவளும் பெட்டியும் மட்டும்தான்.

"அத்தை, மூடியத் தொறங்க. ம், இப்ப அடிங்க!" என்றான் சரத்.

மூடியை நிமிர்த்தியதும் சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. கூடவே டீசல் நாற்றம், ரப்பர் கருகிய நாற்றம், அதற்கும் அடியில் அவளுக்குப் பழகிப்போன பிராந்தி நாற்றம். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றிக் கட்டு, நெற்றியில் ஒற்றை ரூபாய். பஞ்சு அசையவில்லை. அவள் கன்னத்தைத் தடவுவது போல ஓர் அறை விட்டாள்.

"என்னாங்க அத்தை, கொசுவா அடிக்கிறீங்க? இன்னொரு வாட்டி!"

"டேய் சரத்து, இவரு மூச்சு வுடலடா."

"அதாங்க நடிப்பு. கூத்துக்காரருன்னா சும்மாவா?"

மூடியைச் சாத்தி மறுபடி திறந்தாள். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து கிடந்தது. வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. முத்துராஜ் கை ஓங்குவதற்கு முன் அப்படித்தான் தேய்ப்பான், அவள் எந்தப் பக்கம் ஓடுவாள் என்று கணக்குப் போட்டபடி. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் மாட்டேன். நிறுத்துடா..."

சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை எழுந்து அவள் கொண்டையைப் பற்றியது. அந்தப் பிடி அவள் மண்டைக்குத் தெரியும். ஒரே இழுப்பு. பெட்டியின் இரும்பு விளிம்பில் நெற்றி மோதியது. மறுபடியும். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. ஜன்னலில் கைதட்டல். விசில்.

"சூப்பர் அத்தை! நிறுத்தாதீங்க, அப்படியே போங்க!"

"காப்பாத்துங்கடா!" என்று கத்தினாள். அதற்கும் சிரித்தார்கள்.

தலைமாட்டில் பித்தளைக் குத்துவிளக்கு. கை எட்டியது. தூக்கினாள். இறக்கினாள். மூக்கெலும்பு நொறுங்கியது. தாடைக்கட்டு நழுவியது.

"அக்கா!" மதியழகனின் குரல். "அக்கா, நானுங்க... வுட்டுருங்க..."

விளக்கு அந்தரத்தில் நின்றது. ஐயோ, அவரேதான். விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் கூந்தலைப் பிடித்த கை விடவில்லை. முறுக்கியது.

அடித்தாள். இது உடைந்த பல்லுக்கு. இது கலைந்த பிள்ளைக்கு. இது ஊர் பார்க்க அழுத அழுகைக்கு. வாயில். கண்ணில். நெற்றியில். நிமிர்ந்து நின்ற கண்ணாடி மூடியெல்லாம் ரத்தம் தெறித்தது.

ஜன்னலில் சிரிப்பு அடங்கியது. ஒரு பெண் அலறினாள். "அத்தை, போதுங்க! அத்தை!" சரத் அழுதான்.

ஒரு கொத்து மயிர் பிய்ந்து அவள் பின்னால் விழுந்தாள். மூடி தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இந்தத் தடவையும் அவன் செத்த முகத்தை அவள் பார்க்கவில்லை.

யாரும் உள்ளே ஓடிவரவில்லை. எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடியின் உள்பக்கம் ஒரு கை. நிதானமாக ரத்தத்தைத் துடைத்தது. பார்ப்பதற்கு வட்டமாக ஓர் இடம் பண்ணிக்கொண்டது. பிறகு அந்த முகமில்லாத தலை மெல்ல எழும்பி, அவள் விழுந்து கிடந்த பக்கமாகத் திரும்பியது.