நாலு மில்லிமீட்டர்

ஒன்பது நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் முகட்டிலிருந்த மழைமானிக்குள் தண்ணீர் கிடந்தது, அதுவும் ஓடைத் தண்ணீர்போலக் கலங்கிச் சிவந்து. அவன் அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தான். நாலு மில்லிமீட்டர். நேற்றும் நாலு. முந்தாநாளும் நாலு.

தினமும் காலையில் மழையை அளந்து எழுதுவதுதான் அவன் வேலை. இந்தப் பீடபூமியில் ஒரு சரிவில் தூறினால் மறு சரிவில் கொட்டித் தீர்க்கும். அது தெரிந்தும், பத்து நாளைக்கு முன்பு, அட்டைக்கடிக்குப் பயந்து முகட்டுக்குப் போகாமல், அறை ஜன்னலில் தூறலைப் பார்த்துவிட்டு நாலு என்று எழுதினான். வனக்காவலரான அக்கா புருஷன் ஓடைக்கரையில் நின்று வயர்லெஸ்ஸில் கேட்டார்.

“மேல எவ்வளவு மாப்ள? தாண்டலாமா?”

“நாலுதான் மச்சான். முழங்கால்கூட நனையாது, வாங்க.”

வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போனதில் உடல்கூடக் கிடைக்கவில்லை. “நீ அளந்துதானடா சொன்னே?” என்று அக்கா கேட்டாள். “அளந்துதான்க்கா” என்றான். அவள் நம்பிவிட்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

குவளையைக் கழுவி மேசையில் வைத்தான். பிற்பகலில் மூடுபனி புல்வெளியை விழுங்கி, சோலை மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு, பாசியும் அழுகிய இலையும் கலந்த வாடையோடு ஜன்னல் கண்ணாடிவரை வந்து நின்றது. தூரத்தில் இரைந்துகொண்டிருந்த கருங்குரங்குகள் ஒரே நேரத்தில் வாயை மூடின. ஓடைப் பக்கம் ஒரு கடமான் மிரண்டு கத்தியது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. பேட்டரியை அவன் கழற்றிப் பத்து நாளாகிறது.

“மேல எவ்வளவு மாப்ள?”

குரலுக்குள் தண்ணீர் கொப்பளித்தது. அதை எடுத்தான். இந்தத் தடவையாவது.

“நான் அளக்கல மச்சான். முகட்டுக்குப் போகவே இல்ல. பொய் சொல்லிட்டேன். இறங்காதீங்க மச்சான், இறங்காதீங்க!”

கரகரப்பு. நீண்ட மூச்சு.

“தாண்டிட்டேன் மாப்ள.”

கதவடியில் கலங்கிச் சிவந்த தண்ணீர் கசிந்தது. தரையில் பூட்ஸ் தடங்கள். கதவிலிருந்து கட்டில்வரை. கட்டிலிலிருந்து, அவனைச் சுற்றி, பின்னால்.

மேசையைப் பார்த்தான். குவளை இல்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நிதானமாக. நாலாவது கோட்டைத் தாண்டியும் நிறுத்தாமல்.