ஹீட் சிங்க் எங்கே, தவீ?

"ஐயோ... முதலாளி!"

வேலைக்காரப் பெண் புவாலா போட்ட அலறலில் அவள் கையிலிருந்த தட்டு சரிந்தது. லோங்கன் பழங்கள் தரையெங்கும் உருண்டன.

உலர்த்தும் அறைக்குள், அடுக்குகளுக்கு நடுவே, குப்புறக் கிடந்தார் புன்சோங். லம்பூன் ஊரின் பாதி லோங்கனை உலர்த்தி விற்பவர். இன்று அவரே உலர்ந்து கிடந்தார்.

"அண்ணே... என்னை விட்டுட்டுப் போயிட்டியா!"

தம்பி தவீ தலையில் அடித்துக்கொண்டான். அழுகை நன்றாகவே வந்தது. கண்ணாடி முன்னால் பழகியது வீண் போகவில்லை.

'விபத்து... போலீஸ் வாயில் அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும்!'

தொழிற்சாலையை விற்கப் போவதாக அண்ணன் சொன்ன அன்றே தவீ முடிவு செய்துவிட்டான்.

அறையின் ஹீட்டரை அணைத்தும் போட்டும் சூட்டை அளவோடு வைத்திருப்பது ஒரு ரிலே. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. அதன் முதுகில் வரிவரியாக ஒரு அலுமினியக் கட்டி... ஹீட் சிங்க். ரிலேயின் சூட்டை இழுத்துக் காற்றில் விடுவது அதன் வேலை.

அதைக் கழற்றிவிட்டால்?

ரிலே தன் சூட்டிலேயே வெந்து, 'ஆன்' நிலையில் ஒட்டிக்கொள்ளும். ஹீட்டர் அணையவே அணையாது!

கழற்றினான். அண்ணன் உள்ளே போனதும் வெளியே தாழ் போட்டான். கோயிலுக்குப் போய், ஊர் பார்க்கக் கும்பிட்டான். திரும்பி வந்து, கதவைத் தொடாமல் தாழை மட்டும் விலக்கினான்.

ஆம்புலன்ஸ் புன்சோங்கை ஏற்றிக்கொண்டு பறந்தது. இன்ஸ்பெக்டர் அனுசோன் ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டி மென்றபடி மின்பெட்டியைத் திறந்தார்.

"ரிலே வெறும் பலகையில உட்கார்ந்திருக்கு. ஹீட் சிங்க் எங்கே, தவீ?"

"எலக்ட்ரீஷியன் காம்மூனைக் கேளுங்க சார். அவன் பையைக் கொட்டிப் பாருங்க!"

கொட்டினார்கள். அலுமினியக் கட்டி 'டங்'கென்று விழுந்தது.

காம்மூன் வெளிறிப் போனான். "சார்... நான் மாட்டினதுதான் சார்! சூடு கடத்தற பேஸ்ட் தடவி, ஸ்க்ரூ முறுக்கி... என் பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னே தெரியலை!"

"திருட்டுப் பயலே! பழைய அலுமினியத்துக்கு ஆசைப்பட்டு என் அண்ணனைக் கொன்னுட்டியேடா!"

"சின்ன முதலாளி, எனக்குக் குழந்தை குட்டி இருக்கு..."

"ஜெயில்ல வந்து பார்க்கட்டும்!"

அனுசோன் விரலை நக்கினார். "கடைசியா ரிலே எப்ப ஒழுங்கா வேலை செஞ்சுது?"

தவீ தயாராக இருந்தான்.

"கோயிலுக்குக் கிளம்பறப்போ நல்லாத்தான் சார் இருந்துச்சு. பெட்டிக்குள்ள டக்... டக்...னு அடிச்சுட்டு இருந்துச்சு. என் காதால கேட்டேன்."

"டக் டக்?"

"ஆமா சார்."

"என் தங்கச்சி கோழிக்குஞ்சு பொரிக்க வச்சிருக்கற பெட்டியிலயும் இதே ஜாதி ரிலேதான். உள்ளே அசையற பாகமே கிடையாது. சத்தமே போடாது."

தவீயின் கண் சுவரைத் துழாவியது.

"அ... அப்ப பல்லியா இருக்கும் சார்!"

"இருக்கும். லம்பூன்ல பல்லிக்குப் பஞ்சமா?"

அனுசோன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவருடைய போன் அலறியது.

"சொல்லு... ம்... ம்... அப்படியா... சரி."

போனைப் பைக்குள் போட்டார். மிச்சமிருந்த ஒட்டரிசியையும் நிதானமாக முடித்தார்.

"சார்... விபத்துதானே?"

"விபத்துதான்."

தவீக்கு மூச்சே இப்போதுதான் வந்தது. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

"ஆனா உங்களுக்கு!"

"எ... என்ன சார்?"

"ஹீட் சிங்க் இல்லாத ரிலே முதல்ல ஒட்டிக்கும். அதுவரைக்கும் கழட்டின ஆளு கணக்கு சரி. ஆனா ஒட்டின ரிலே அதோட விடாது. மேல மேல வெந்து, உள்ளே இருக்கற இணைப்பே உருகி அறுந்துடும். இது அறுந்துடுச்சு. ஹீட்டர் நின்னு அறை ஆறிப்போச்சு."

"அப்ப... அண்ணன்..."

"இங்கேயே நாடி இருந்துச்சு. நான்தான் வாயைத் திறக்கலை. இப்ப மயக்கம் தெளிஞ்சு உட்கார்ந்திருக்காரு. முதல்ல தண்ணி கேட்டாராம்."

"ரெண்டாவது?"

"உங்களைக் கேட்டாராம். கதவுக் கண்ணாடி வழியா, தாழ் போட்ட கையோட மோதிரத்தைப் பார்த்திருக்காரு!"

தவீ தன் கையைப் பின்னால் மறைத்தான். கான்ஸ்டபிள் அதே கையை முன்னால் இழுத்து விலங்கை மாட்டினார்.

காம்மூன் தரையில் உட்கார்ந்து அழுதான். இவன் கண்ணாடி முன்னால் பழகியவனில்லை. மூக்கும் சேர்ந்து ஒழுகியது.

தவீக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அனுசோன் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க. ஏ.சி. ரிப்பேர்... கொஞ்சம் வேர்க்கும். உங்க அண்ணன் அளவுக்கு இல்லை!"