காருக்கு அடியில் ஒரு கலயம்

விடிந்ததும் குழந்தைவேல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். நேற்று மாலை கழுத்துவரை ஊற்றிய தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. குனிந்து காருக்கு அடியில் கையால் தடவினான். மண் காய்ந்து பொடியாகக் கிடந்தது.

ஒழுகாமல் தண்ணீர் எங்கே போகும்?

பண்ணைக்காரர் செங்கோட்டையனின் அந்தப் பழைய மோட்டார் கார் சில நாள் சாதுவாக ஓடும். சில நாள் சங்ககிரி மேட்டில் ஏறும்போதே கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி சீறும். ரப்பர் குழாய்களை மாற்றியாகிவிட்டது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டியில் முக்கிப் பார்த்து, ஊசிமுனை ஓட்டைகூட இல்லை என்றுவிட்டார்கள். கடைசியில் அவனே ஒன்றைக் கவனித்தான். சேலத்தில் தங்கிவிட்டு வந்தால் கார் கொதிப்பதில்லை. இந்தக் கொட்டகையில் நின்ற மறுநாள்தான் கொதிக்கிறது.

சோளக்காட்டு நடுவே தனியாக நின்ற கருங்கல் கொட்டகை அது. இரும்புக் கதவு. காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க உள்ளே முன்பு ஒரு குழி இருந்தது. பாம்பு புகுந்ததென்று பலகை போட்டு மண்ணால் மூடிவிட்டார் பண்ணைக்காரர். அப்போது டிரைவராக இருந்தவன் குழந்தைவேலின் அண்ணன் வெங்கடாசலம். பெண்டாட்டி சின்னாயியிடம்கூடச் சொல்லாமல் அவன் கொழும்புக்கு ஓடிப்போன சமயம் அது. காரைக் கிளப்ப முன்னால் செருகிச் சுற்றும் இரும்பு ஹேண்டில் திருப்பி அடித்து வளைந்துபோன அவன் கட்டைவிரலை நினைத்தாலே குழந்தைவேலுக்கு வயிறு எரியும். இப்படியும் ஒருவன் குடும்பத்துக்குத் துரோகம் செய்வானா? பண்ணைக்காரர்தான் தம்பிக்கு அந்த வேலையைக் கொடுத்து, சின்னாயிக்கு மாதம் தவறாமல் கம்பும் அளந்தார்.

மழை பொய்த்த வருஷம். ஏதோ சீவன் தாகத்தில் வந்து குடிக்கிறது என்றே அவனுக்குத் தோன்றியது. துருத் தண்ணீரைக் குடிக்கும் அளவுக்கா தவிப்பு? சாயங்காலம் ஒரு மண்கலயத்தில் நல்ல தண்ணீர் நிரப்பி, திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைக் கும்பிட்டு, காருக்கு அடியில் வைத்தான்.

காலையில் கலயம் காலி. ரேடியேட்டர் நிறைந்திருந்தது. அன்று மேட்டில் கார் கொதிக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர் சிரித்தார். "என்ன வைத்தியம் பண்ணுனே சாமி? கழுதை இன்னைக்குக் குதிரையாட்டப் போகுது!"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சிரிப்பு நின்றது.

"குடிச்சது ஆருன்னு பாத்தியா?"

"இல்லீங்க எசமான். தாகத்துக்கு வார சீவன், ஆரா இருந்தா என்னங்க?"

"இனிமே வெக்காதே."

பொழுது சாயும்போது கார் கொட்டகைக்குத் திரும்பியது. ஹேண்டிலை வழக்கம்போல் வாங்கிக்கொண்டு பண்ணைக்காரர் நடந்தார். குழந்தைவேலுக்கு மனம் கேட்கவில்லை. இன்று ஒருநாள் மட்டும். கலயத்தை நிரப்பி வந்து காருக்கு அடியில் தள்ளினான். சூடு ஆறும் எஞ்சின் டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடைக்கும் கிரீஸ் வாடைக்கும் கீழே, வெகுநாள் மூடிக்கிடந்த மண்ணின் புழுக்கமும், உடுத்தி உடுத்திக் கிழிந்த ஒரு சட்டையின் வியர்வை வாடையும் மெல்ல மேலே வந்தன.

பிறகு அந்தச் சத்தம்.

மடக். மடக். ஒவ்வொரு மிடறுக்கும் நடுவே மூக்கால் ஒரு சின்ன முனகல்.

அவனுக்குத் தெரிந்த முனகல். சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து கூழ் குடித்தவனின் முனகல்.

"அண்ணா?"

குடிப்பது நின்றது.

பின்னால் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

"சொன்னாக் கேக்கோணும் சாமி." பண்ணைக்காரரின் குரலில் அதே கனிவு.

"எசமான்... அடியில அண்ணன்..."

"நம்ம கார்ல அடிபட்டுச் செத்தானே ஒரு கூலிக்காரன், அவனப் பத்திப் போலீசுல சொல்லியே தீருவேன்னு உங்கண்ணன் நின்னான். குழியில வேலையா இருக்கறப்பப் பலகையப் போட்டு, மேல காரத் தள்ளி நிறுத்துனேன். தண்ணி தண்ணின்னுதான் கேட்டுட்டே இருந்தான்." ஒரு பெருமூச்சு. "அண்ணனத் தேடி நீயும் கொழும்புக்குப் போயிட்டேன்னு சின்னாயிகிட்டச் சொல்லிக்கறேன். அவளுக்கு அளக்கற கம்பு நிக்காது. கவலப்படாதே."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

குழந்தைவேல் ஹாரனை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். சோளக்காட்டைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை.

மறுநாள் வெயில் ஏறியது. கல் சுட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையை விட்டான். துருப்பொடி. சொட்டுத் தண்ணீர் இல்லை.

எத்தனை நாள் அண்ணனைத் திட்டினான். அத்தனை நாளும் அவன்மேல்தான் காரை நிறுத்தினான்.

கதவில் சாய்ந்து கண்ணை மூடினான்.

ஒரு உரசல். மண்ணில் மண்கலயம் நகரும் உரசல்.

கண்ணைத் திறந்தான்.

காருக்கு அடியிலிருந்து கலயம் அவனை நோக்கி மெல்ல வந்தது. விளிம்புவரை தண்ணீர். தளும்பாமல் வந்தது. விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் நகமில்லை. கட்டைவிரல் வளைந்திருந்தது.